நோடு 1, அளவு 0 எம்பி: விஎம்-முக்குள் காலியாக நிற்கும் மெமரி நோடு

விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம், ஒரு நிஜ செர்வருக்குள் மென்பொருளால் உண்டாக்கிய கணினி) ஒன்றுக்குள் போய், மெமரி எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று லினக்ஸின் நூமாசிடிஎல் கட்டளையிடம் கேட்டால் சில நேரம் இப்படிப் பதில் வரும்:

நோடு 0 – சிபியு 0, 1, 2, 3 – அளவு 7950 எம்பி
நோடு 1 – சிபியு 4, 5, 6, 7 – அளவு 0 எம்பி

இரண்டாவது வரியைப் பார்த்ததும் பலருக்குப் பகீரென்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டில் இருந்தபடியே பெங்களூர், திருவனந்தபுரம் கம்பெனிகளின் செர்வர்களைக் கவனித்துக்கொள்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, “காசு கட்டி எடுத்த 8 ஜிபியில் பாதி எங்கே போச்சு?” என்பதுதான். எங்கும் போகவில்லை. மொத்தமும் நோடு 0-ல் இருக்கிறது. நோடு 1 காலி, அவ்வளவுதான். இது பழுது இல்லை. ஆனால் இதைப் பழுது இல்லாமல் நடத்த, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஏன் என்று அடியில் இருந்து பார்க்கலாம்.

நோடு என்பது என்ன?

பெரிய செர்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசசர் சாக்கெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு சாக்கெட்டின் அருகிலும் அதற்கென்று ராம் சொருகப்பட்டிருக்கும். எந்த ப்ராசசரும் எந்த ராமையும் படிக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பது சீக்கிரம் வரும், அடுத்த சாக்கெட்டின் ராம் கொஞ்சம் தாமதமாக வரும். இப்படி மெமரியின் தூரம் எல்லா சிபியுவுக்கும் ஒன்றுபோல் இல்லாத அமைப்புக்குத்தான் நூமா என்று பெயர். ஒரு கூட்டம் சிபியுவும் அவற்றுக்குப் பக்கத்து மெமரியும் சேர்ந்தது ஒரு நோடு.

நோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரு அட்டவணை சொல்கிறது. தன் நோடுக்குத் தானே உள்ள தூரம் 10 என்று வைத்துக்கொள்வார்கள். அடுத்த நோடு 20 என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். இது அளந்து பார்த்த நேரம் இல்லை, ஒப்பீட்டுக்கான எண்.

இந்த விவரத்தைக் கெர்னல் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் (மெஷினோடு வரும் அடிப்படை மென்பொருள்) தருகிற அட்டவணையைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் அது ஏசிபிஐ அட்டவணை. ஆர்ம் மெஷின்களில் ஏசிபிஐ அல்லது டிவைஸ் ட்ரீ. இரண்டுமே மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்கள்தான். விஎம்-மில் இந்த அட்டவணையை எழுதிக் கொடுப்பது ஹைப்பர்வைசர், அதாவது நிஜ மெஷினில் இருந்துகொண்டு விஎம்-களை நடத்தும் மென்பொருள். இதை மனதில் வையுங்கள்: விஎம்-முக்குள் தெரிகிற நோடு, ஹைப்பர்வைசர் எழுதிக் கொடுத்த கணக்கு. கீழே இருக்கும் நிஜ மெஷினோடு அது பொருந்தியும் இருக்கலாம், பொருந்தாமலும் இருக்கலாம்.

குளம் உண்டு, தண்ணீர் இல்லை

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு இதை விளங்கவைக்க நல்ல வழி கோதையாற்றுப் பாசனம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் திறக்கிற தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி வயலுக்குப் போகிறது. கன்னிப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், மே மாதத்தில், ஒரு கடைமடைக் குளத்தைப் போய்ப் பாருங்கள். உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருக்கும். அதற்காகக் குளமே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறது, அதற்கு இத்தனை ஏக்கர் ஆயக்கட்டு என்ற கணக்கு இருக்கிறது, எந்தக் கால்வாயில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் தெரியும். தண்ணீர்தான் இல்லை. நாளைக்கு வரலாம்.

காலி நோடும் இதேதான். எண் இருக்கிறது, தூரம் இருக்கிறது, ஆயக்கட்டு மாதிரி அதை நம்பி சிபியுக்கள் இருக்கின்றன. மெமரி மட்டும் இல்லை. “குளம் இருக்கிறதா?”, “குளத்தில் தண்ணீர் இருக்கிறதா?” என்பவை இரண்டு தனிக் கேள்விகள். கெர்னலில் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் இந்த இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்து எழுதிய வரிகளில் இருந்து வந்தவை.

விஎம்-மில் காலி நோடு எப்படி உண்டாகிறது?

1. பங்கீட்டில் விழுவது. ஐபிஎம் பவர் மெஷின்களில் ஒரு பெரிய செர்வரைப் பல பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு பகுதிக்கு சிபியு ஒரு சிப்பில் இருந்தும் மெமரி இன்னொரு சிப்பில் இருந்தும் கிடைத்தால், முதல் சிப்பின் நோடு மெமரி இல்லாமல் நிற்கும். லினக்ஸ் காலி நோடைக் கவனிக்கத் தொடங்கியதில் இந்த மெஷின்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2. பின்னால் சேர்ப்பதற்காக வேண்டுமென்றே விடுவது. விஎம்-மை நிறுத்தாமல் மெமரி கூட்டுவதற்கு ஹாட்பிளக் என்று பெயர். எந்த நோடில் கூட்டப் போகிறோமோ அந்த நோடை முதலிலேயே அறிவித்து, அளவு 0 என்று விட்டுவிடுவார்கள். 2020-ல் லினக்ஸ் 5.8-ல் வந்த விர்ட்ஐஓ மெம் இதற்கு நல்ல உதாரணம்: ஒரு நோடுக்கு ஒரு சாதனம் என்று வைத்து, தேவைப்படும்போது ஏற்றி இறக்கலாம்.

3. ஜிபியுவுக்காக விடுவது. என்விடியா கிரேஸ் ஹாப்பர் போன்ற சிப்களில் ஜிபியுவின் மெமரியும் கெர்னலுக்கு ஒரு நோடாகவே தெரியும். அதை விஎம்-முக்குக் கொடுக்கும்போது, பூட் ஆகிற நேரத்தில் அந்த நோடுகளில் சிபியுவும் இல்லை, மெமரியும் இல்லை. டிரைவர் எழுந்த பிறகுதான் மெமரி வந்து சேர்கிறது. ஜிபியுவைப் பல துண்டாகப் பிரிக்கும் வசதிக்காக ஒரு ஜிபியுவுக்கே எட்டு நோடு வரை ஒதுக்குவது உண்டு.

4. இருந்ததை எடுத்துவிடுவது. பிறவியிலேயே காலியாக இருக்க வேண்டும் என்றில்லை. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்-மில் ஒரு நோடின் மெமரியை எல்லாம் கழற்றிவிட்டால் அதுவும் காலி நோடுதான்.

கெர்னல் வைத்திருக்கும் பட்டியல்கள்

கெர்னல் நோடுகளைப் பல பட்டியல்களில் குறித்து வைக்கிறது. இந்த மெஷினில் எப்போதாவது வரக்கூடிய நோடுகள் ஒரு பட்டியல், அது ‘பாசிபிள்’. இப்போது இயங்குகிறவை ‘ஆன்லைன்’. மெமரி உள்ளவை தனி, சிபியு உள்ளவை தனி. விஎம்-முக்குள், கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவில் டிவைசஸ், சிஸ்டம், நோடு என்று இறங்கிப் போனால் இந்தப் பட்டியல்கள் சின்னச் சின்னக் கோப்புகளாகவே கிடக்கும், திறந்து படிக்கலாம். மேலே காட்டிய விஎம்-மில் ஆன்லைன் பட்டியலில் 0-1 என்று இருக்கும். மெமரி பட்டியலில் 0 மட்டும். இந்த இரண்டு கோப்பையும் அடுத்தடுத்துப் படித்தாலே காலி நோடு எது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நோடுக்கும் கெர்னல் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. பிஜிடேட்டா என்று அழைப்பார்கள். அந்த நோடின் பேஜ்கள், அவை எந்த சோனில் (பேஜ்களை வகைப்படுத்தும் பிரிவு) சேர்ந்தவை, தன்னிடம் இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்கிற விவரமெல்லாம் அதில். (பேஜ் என்பது மெமரியைப் பிரிக்கும் அலகு, வழக்கமாக 4 கேபி.) இந்தப் புத்தகத்தை நினைவில் வையுங்கள். பெரிய கிராஷ் ஒன்று இதைச் சுற்றித்தான் நடந்தது.

மெமரி கேட்டால் என்ன ஆகும்?

நோடு 1-ன் சிபியு 5-ல் ஓடும் ப்ரோக்ராம் ஒரு பேஜ் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. கெர்னல் நோடு 1-ன் புத்தகத்தைத் திறந்து, அதில் உள்ள மாற்று வரிசையைப் பார்க்கும். சோன்லிஸ்ட் என்பது இதுதான்: முதலில் இங்கே, இல்லையென்றால் அங்கே, அதுவும் இல்லையென்றால் அதற்கு அடுத்து.

2. இந்த வரிசை தூர அட்டவணையை வைத்து முன்கூட்டியே போட்டு வைத்தது. கிட்ட இருப்பது முதலில். ஒரே தூரத்தில் இரண்டு நோடு இருந்தால், எல்லாரும் ஒரே இடத்தில் போய் மோதாதபடி கெர்னல் முறைவைத்துப் பிரித்துவிடும்.

3. வரிசையில் மெமரி உள்ளவை மட்டும்தான் இருக்கும். ஆகவே காலி நோடின் வரிசை நேராக அதன் அண்டை நோடில் தொடங்குகிறது. நம் உதாரணத்தில் நோடு 0.

4. பேஜ் அங்கிருந்து வருகிறது. ப்ரோக்ராமுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பொதுப் பாதை இவ்வளவு சுலபம். தகராறு வருவது, கேட்பவர் “இந்த நோடில்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்” என்று அடம் பிடிக்கும்போது. அதற்கென்று தனி வரிசை இருக்கிறது. அதில் தன் நோடைத் தவிர வேறு பெயர் கிடையாது. காலி நோடுக்கு அந்த வரிசையே வெறுமை, கேட்டதும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

இதற்காக 2010-ல் கெர்னலில் ஒரு வேறுபாடு கொண்டுவந்தார்கள். “நான் எந்த நோடில் இருக்கிறேன்?” என்பது ஒரு கேள்வி, “எனக்கு மிக அருகில் மெமரி உள்ள நோடு எது?” என்பது இன்னொரு கேள்வி. மெமரி உள்ள நோடில் இரண்டுக்கும் ஒரே விடை. காலி நோடில் முதல் கேள்விக்கு 1, இரண்டாவதற்கு 0. கேள்வியைப் பிரித்ததுதான் சரியான வைத்தியம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் எல்லா ப்ராசசர் வகைகளுக்கான கெர்னலும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. பவர் பயன்படுத்துகிறது. இன்டெல் பக்கம் வேறு வழியில் சமாளித்தார்கள்.

பிசகிய மூன்று இடங்கள்

முதலாவது, சின்னப் பொருட்களை அடுக்கும் ஸ்லாப். கெர்னல் தனக்கு வேண்டிய சிறு துண்டுகளை, ஒரு பேஜை வாங்கி அதை நறுக்கித்தான் எடுத்துக்கொள்கிறது. காலி நோடு 1-ல் இருந்து ஒரு துண்டு கேட்டால், பேஜ் நோடு 0-ல் இருந்து வரும். சரி. அடுத்த துண்டு கேட்கும்போது கெர்னல் கையில் இருக்கும் பேஜைப் பார்க்கிறது: “இது நோடு 0-ன் பேஜ், கேட்டது நோடு 1.” உடனே அந்த அரைகுறைப் பேஜை ஓரமாக வைத்துவிட்டுப் புதுப் பேஜ் வாங்குகிறது. அதுவும் நோடு 0-ல் இருந்தே வருகிறது. மறுபடி அதே கதை. ஒரு துண்டு எடுத்து மீதியை ஓரம் கட்டி, ஒரு துண்டு எடுத்து மீதியை ஓரம் கட்டி, ஸ்லாப் கணக்கு ஊதிக்கொண்டே போகும். எந்த எரர் மெசேஜும் வராது. பவர் மெஷின்களில் இதைக் கண்டுபிடித்து, 2014-ல் மேலே சொன்ன இரண்டாவது கேள்வியைக் கேட்கும்படி மாற்றினார்கள். மெமரியே இல்லாத நோடைக் குறிப்பிட்டுக் கேட்டால், அந்த நிபந்தனையை விட்டுவிடுவது என்பதும் இப்போது ஸ்லாப்பின் வழக்கம்.

இரண்டாவது, பெயர் மோதல். இது ஆர்ம் விஎம்-மில், விஎம்-மை உண்டாக்கி நடத்தும் க்யூஇமு என்ற மென்பொருளில் நடந்தது. கணக்கைப் போட்டே பார்க்கலாம். விஎம்-முக்கு 1 ஜிபி மெமரி, நான்கு நோடுகள். நோடு 0-க்கு 512 எம்பி, நோடு 1-க்கு 512 எம்பி, 2-ம் 3-ம் காலி. டிவைஸ் ட்ரீயில் ஒவ்வொரு நோடின் மெமரிக்கும் அதன் தொடக்க முகவரியை வைத்துத்தான் பெயர். ஹெக்சாடெசிமலில், நோடு 0 தொடங்குவது 40000000-ல். நோடு 1 அதற்கு அடுத்த 60000000-ல். நோடு 2 தொடங்க வேண்டிய இடம் 80000000. அதன் நீளம் சுழி. ஆகவே நோடு 3 தொடங்க வேண்டிய இடமும் அதே 80000000. இரண்டு பிள்ளைக்கு ஒரே பெயர். ‘இந்தப் பெயர் ஏற்கனவே உள்ளது’ என்று சொல்லி க்யூஇமு நின்றுவிடும், விஎம் தொடங்கவே தொடங்காது. ஒரு காலி நோடு மட்டும் என்றால் இது வெளியே தெரியாமலே போயிருக்கும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு காலி நோடு வந்தபோதுதான் சாயம் வெளுத்தது.

தீர்வு எளிது: காலி நோடுக்கு டிவைஸ் ட்ரீயில் மெமரி பதிவே எழுத வேண்டாம். அப்படியானால் அந்த நோடு இருப்பதே கெர்னலுக்கு எப்படித் தெரியும்? தூர அட்டவணை சொல்லும். அதில் 2, 3 என்ற எண்களும் அவற்றின் தூரங்களும் இருக்கின்றன. காலி நோடு செல்லும், அதற்கு மெமரி பதிவு இருக்காது, ஆனால் எண்ணும் தூரமும் செல்லுபடியாகும், பின்னால் அதில் மெமரி சேர்க்கலாம் என்று 2021-ல் கெர்னலின் டிவைஸ் ட்ரீ ஆவணத்திலேயே எழுதி வைத்தார்கள். குளம் வறண்டிருந்தாலும் பதிவேட்டில் பெயர் நிற்கும் என்பதற்கு ஒப்பான ஒரு வரி.

மூன்றாவது, 2021 இறுதியில் பேசப்பட்ட கிராஷ். இதுதான் விஎம் நடத்துகிறவர்களை நேரடியாகப் பாதித்தது.

1. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்-மில் புதிதாக சிபியு சேர்க்கிறார்கள். அந்த சிபியு சேர வேண்டிய நோடு இன்னும் ஆன்லைன் ஆகவில்லை, அதில் மெமரியும் இல்லை.

2. ஒவ்வொரு சிபியுவுக்கும் கெர்னல் கொஞ்சம் தனி இடம் ஒதுக்குவது வழக்கம். அதற்காக, புது சிபியுவின் நோடைச் சொல்லிப் பேஜ் கேட்கிறது.

3. பேஜ் கொடுக்கிற பகுதி, அந்த நோடின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து மாற்று வரிசையைப் பார்க்கப் போகிறது.

4. புத்தகமே இல்லை. ஆன்லைன் ஆகாத நோடுக்குப் புத்தகம் போடுவது அப்போது வழக்கத்தில் இல்லை. இல்லாத புத்தகத்தைத் திறக்கப் போனால் கெர்னல் பேனிக், அதாவது மேற்கொண்டு போக முடியாமல் கெர்னலே நின்றுவிடும். விஎம் அப்படியே விழுந்துவிடும்.

மெமரி நிறையவே இருந்தது, பக்கத்து நோடில். அங்கே போ என்று சொல்லும் தாள்தான் இல்லை. கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் “நோடு ஆன்லைனா?” என்று ஒரு சோதனை போடலாம் என்ற யோசனையும் அப்போது வந்தது. அது ஒட்டுப்போடும் வேலை. கெர்னலில் அப்படிக் கேட்கும் இடங்கள் ஏராளம், ஒன்றை விட்டால் போதும், மறுபடி விழும். கடைசியில் 2022-ல் வந்த 5.18 கெர்னலில் வேரைத் தொட்டார்கள்: வரக்கூடும் என்று அறிவிக்கப்பட்ட எல்லா நோடுக்கும், ஆன்லைனோ இல்லையோ, பூட் ஆகும்போதே புத்தகம் போட்டுவிடுவது. காலி நோடின் புத்தகத்திலும் மாற்று வரிசை இருக்கும். இதற்காகக் கொஞ்சம் மெமரி செலவாகிறது. அந்தச் செலவு தகும். ஓடுகிற விஎம் விழுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

காலி நோடில் மெமரி வந்து சேரும்போது

இங்கே பலரும் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. மெமரியை நிர்வகிக்கவே மெமரி வேண்டும். ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் கெர்னல் 64 பைட் அளவில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. 8 ஜிபி கூட்டினால் சுமார் 21 லட்சம் பேஜ்; அவற்றுக்கான குறிப்புகளே 128 எம்பி. இந்த 128 எம்பி எங்கிருந்து வரும்? காலி நோடில் இன்னும் எதுவும் இல்லை, ஆகவே அண்டை நோடில் இருந்துதான் எடுக்க வேண்டும். மெமரி தீர்ந்துபோய்த் திணறும் விஎம்-முக்கு அவசரமாக மெமரி கூட்டப் போய், அந்தக் குறிப்புக்கே இடம் கிடைக்காமல் கூட்டுவது தோற்றுப் போகலாம். இதற்கு மாற்றாக, வந்த மெமரியிலேயே ஒரு பகுதியை ஒதுக்கிக் குறிப்பு எழுதும் வசதி 2021-ல் 5.13 கெர்னலில் வந்தது. அது தானாக இயங்காது, பூட் அமைப்பில் சொல்லி இயக்க வேண்டும்.

மெமரி ஆன்லைன் ஆனதும், அந்த நோடு மெமரி பட்டியலில் ஏறுகிறது, எல்லா நோடுகளின் மாற்று வரிசையும் புதிதாகப் போடப்படுகிறது, பழைய பேஜ்களை மீட்டுத் தரும் கேஸ்வாப்டி என்ற பணியாளர் அந்த நோடுக்கும் ஒருவர் வந்துவிடுகிறார். காலியாக இருக்கும் வரை அவருக்கு அங்கே வேலை இல்லை, அதனால் நோடு 1-க்கு கேஸ்வாப்டி காணோமே என்று தேட வேண்டாம்.

திரும்ப எடுப்பதுதான் கஷ்டம். கெர்னல் தன் சொந்த வேலைக்குப் பிடித்துக்கொண்ட பேஜ்களை நகர்த்த முடியாது. அவற்றில் ஒன்று இருந்தால்கூட அந்தத் துண்டைக் கழற்ற விடாது. பின்னால் எடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், சேர்க்கும்போதே, நகர்த்தக்கூடிய பேஜ்களுக்கான ‘மூவபிள்’ சோனில் சேர்ப்பது நல்லது. முழுவதும் எடுத்த பிறகும், அந்த நோடில் சிபியு இருந்தால் நோடு ஆன்லைனிலேயே நிற்கும். சிபியுவும் இல்லை, மெமரியும் இல்லை என்றால்தான் பட்டியலில் இருந்து இறங்கும்.

உங்கள் விஎம்-மில் பார்க்க வேண்டியவை

வேகத்தைப் பற்றி முதலில். காலி நோடில் உள்ள சிபியுவுக்கு எல்லா மெமரியும் வெளியூர் மெமரிதான். அட்டவணையில் உள்ள தூரம் நிஜமாக இருந்தால் டேட்டாபேஸ் மாதிரி மெமரியை ஓயாமல் தொடும் வேலைகள் அங்கே மெதுவாகும். வேலையையும் அதன் மெமரியையும் ஒரே நோடில் சேர்க்கப் பார்க்கும் கெர்னலின் நூமா பேலன்சிங், பேஜை நோடு 1-க்கு நகர்த்தி உதவ முடியாது, அங்கே இடம் இல்லை. வேலையைத்தான் நோடு 0-ன் சிபியுவுக்குத் தள்ளிப் பார்க்கும். ஆனால் ஹைப்பர்வைசர் விஎம்-மை நிஜ சாக்கெட்டுகளோடு கட்டிவைக்கவில்லை என்றால், இந்தத் தூரக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. அதை விஎம்-முக்குள் இருந்து தெரிந்துகொள்ள முடியாது, விஎம் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, ஸ்டார்ட் ஆக மறுக்கும் சர்வீஸ். பழைய செர்வரில் ‘மெமரியை நோடு 1-ல் மட்டும் எடு’ என்று எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே புது விஎம்-முக்குக் கொண்டுவந்தால், நோடு 1 காலி என்பதால் கெர்னல் அந்தக் கட்டளையையே செல்லாது என்று திருப்பி அனுப்பும். நோடு இருக்கிறதே, பிறகு ஏன் செல்லாது என்று குழம்ப வேண்டாம். மெமரியைக் கட்டிவைக்கும்போது கெர்னல் பார்ப்பது மெமரி பட்டியலைத்தான். சிபியுவை நோடு 1-ல் கட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

கெர்னல் 5.18-க்கு முந்தையது என்றால், சிபியு ஹாட்பிளக் செய்யும் முன் அந்தத் திருத்தம் உங்கள் டிஸ்ட்ரோவின் (நீங்கள் நிறுவியிருக்கும் லினக்ஸ் தொகுப்பின்) கெர்னலில் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலி நோடுக்கு சிபியுவும் மெமரியும் இரண்டும் சேர்க்க வேண்டியிருந்தால், பழைய கெர்னலில் முதலில் மெமரியைச் சேர்த்து ஆன்லைன் ஆக்கிவிட்டு அப்புறம் சிபியு சேர்ப்பது பாதுகாப்பு.

மெமரி கூட்டியும் நோடு 1 இன்னும் 0 எம்பி என்றே காட்டுகிறதா? கூட்டின மெமரி வந்து சேர்ந்திருக்கும், ஆனால் ஆன்லைன் ஆகாமல் கிடக்கும். ஹாட்பிளக் மெமரி துண்டுகளாக வருகிறது, இன்டெல் வகை விஎம்-களில் பெரும்பாலும் 128 எம்பி துண்டு. சிஸ் அடைவில் மெமரி பகுதிக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடைவு இருக்கும், அதில் ‘ஸ்டேட்’ என்ற கோப்பு. அதைத் திறந்து பாருங்கள். ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் அங்கே ‘ஆன்லைன்’ என்று எழுதுங்கள். எல்லாத் துண்டுக்கும் எழுதி முடித்துவிட்டு நூமாசிடிஎல் கட்டளையை மறுபடி கொடுத்தால், நோடு 1-ன் வரியில் சுழி போய் எண் வந்திருக்கும்.